மூன்றாம் நம்பர் கேம்ஷாப்ட்டும் நான் படிக்காமல் விட்ட பத்தியும்

என் அண்ணன் ஆரோக்கியத்துக்கு,

தெருமுனையில் கார் திரும்பும் சத்தம் கேட்டால் அண்ணி இன்னும் குழம்புச் சட்டியைச் சூடு பண்ண எழுந்துவிடுகிறார். பாதி வழியில் நின்று, வேறு எதற்கோ வந்தவர் போல ஒரு டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுத் திரும்புகிறார். நீ போய் ஏழு மாதம் ஆகிறது. பிள்ளைகள் சுகம். சின்னவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. யாராவது கேட்டால் எலி கொண்டுபோனது என்கிறாள்.

உன் துரைசாணியும் சுகம். அவளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

கல்லறைத் திருநாளன்று உன் தலைமாட்டில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு இதையெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். சொல்லி முடித்த மாதிரி இல்லை. வாய்விட்டுப் பேச எனக்கு வராது என்பது உனக்குத் தெரியும். பி.ஏ. முடித்து மதராஸ் கப்பலில் வந்து இறங்கிய அன்று, நீ துறைமுகத்துக்குக் கூட்டி வந்திருந்த சனத்தைப் பார்த்து உன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தவள் நான். அதனால் எழுதுகிறேன். அதையும் ஏன் பத்திரிகையில் எழுதுகிறேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்குத் துரைசாணி யார் என்று தெரியாது. கிள்ளான் பக்கத்துத் தோட்டத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விட்டுப்போன கார் அது. பெரிய யுத்தம் முடிந்த கையோடு அங்கே செய்தது. பித்தளை ரேடியேட்டர், மடக்குக் கூரை. எல்லாரும் கிழட்டு வண்டி என்றார்கள். நீ அதற்குத் துரைசாணி என்று பெயர் வைத்து, நம் வீடிருக்கும் பிரிக்பீல்ட்ஸுக்கும் கிள்ளானுக்கும் நாளைக்கு மூன்று நடை ஓட்டினாய். பெட்டாலிங், சுங்கை வே, பத்து தீகா என்று கை காட்டிய இடத்திலெல்லாம் நிறுத்தி, ஐந்து பேர் ஏறும் வண்டியில் எட்டுப் பேரையும் அவர்கள் கோழிக்கூடைகளையும் ஏற்றினாய். அந்த ஓட்டத்துக் காசில்தான் நான் படித்தேன்.

உனக்கு ஓர் ஆசை இருந்தது. வருஷத்துக்கு ஒருமுறை மலைச்சாலையில் நடக்கும் ஏற்றப் பந்தயத்தில், பழைய கார்களுக்கென்று வைத்திருந்த பிரிவில், துரைசாணியை ஏற்ற வேண்டும். யார் வேண்டுமானாலும் பேர் கொடுக்கலாம் என்று போட்டிருந்தார்கள். இரண்டு வருஷம் சாலையோரத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தாய். நாற்பது மைல் வேகத்தைத் தாண்டினால் அவளுக்கு மூச்சு வாங்குகிறது என்பதுதான் உன் கவலை.

"கேம்ஷாப்ட்ட மாத்தணும்" என்றாய் ஒருநாள் காலைச் சாப்பாட்டில்.

"அப்படின்னா என்ன?"

நீ தட்டிலிருந்த அவித்த முட்டையைக் கையில் எடுத்தாய். "இஞ்சினுக்குள்ள ஒரு தண்டு இருக்கு. அதுல இந்த மாதிரி முட்டை முட்டையா எட்டுப் புடைப்பு. தண்டு சுத்துறப்ப ஒவ்வொரு முட்டையும் ஒரு கதவத் தள்ளித் தொறக்கும். ஒல்லி முட்டைன்னா கதவு சட்டுனு மூடிக்கும். தொப்பை முட்டைன்னா நல்லா தொறந்து, ரொம்ப நேரம் நிக்கும். அவ வயிறு நிறையக் காத்துக் குடிப்பா."

"அப்ப தொப்பைதான் நல்லதா?"

"வேகத்துக்கு நல்லதுலா" என்று சொல்லி முட்டையை வாயில் போட்டுக்கொண்டாய்.

பழைய கார்களுக்குப் புதுத் தண்டு கடைந்து தரும் சீமைப் பட்டறை ஒன்றுக்கு உனக்காக நான்தான் கடிதம் எழுதினேன். பதிலோடு நான்கு பக்க அச்சுத் தாள் வந்தது. நீ கொட்டகைக்குள் கார் மிதிபலகையில் உட்கார்ந்துகொண்டாய். ரயில்வேயில் வேலை பார்த்த உன் கூட்டாளி முனுசாமி அண்ணே பக்கத்தில் டயருக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். நான் ஆங்கிலத்தில் ஒரு வரி பார்த்து, தமிழில் ஒரு வரி சொன்னேன்.

மூன்று வகைத் தண்டு. ஒன்றாம் நம்பர் பழையதைவிடக் கொஞ்சம்தான் தாராளம். இரண்டாம் நம்பர் நெடுஞ்சாலையில் விரைவாகப் போகிறவர்களுக்கு. மூன்றாம் நம்பர் பந்தயத்துக்கு. அதில் வால்வு, அதாவது நீ சொன்ன அந்தக் கதவு, அதிக உயரம் தூக்கும், அதிக நேரம் திறந்திருக்கும், மேல் வேகத்தில் இஞ்சினின் சக்தி கால்பங்குக்கு மேல் கூடும். இதைப் படித்தபோது உன் முகம் எப்படி இருந்தது தெரியுமா? துறைமுகத்தில் என்னைப் பார்த்தபோது இருந்த முகம்.

அடுத்து ஒரு பத்தி இருந்தது. உச்சத்தில் எவ்வளவு சக்தி என்று பார்த்துத் தண்டைத் தேர்ந்தெடுக்காதீர்கள், உங்கள் இஞ்சின் ஒரு நாளில் அதிக நேரம் எந்த வேகத்தில் ஓடுகிறது என்று பாருங்கள் என்று அது சொன்னது. பாரம் ஏற்றி, நின்று நின்று போகும் வண்டிக்கு மூன்றாம் நம்பர் ஆகாது. கீழ் வேகத்தில் உள்ளே போகும் வால்வும் வெளியே விடும் வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் கூடுவதால் காற்று திரும்பி அடிக்கும். இஞ்சின் நின்ற இடத்தில் குலுங்கும். பாரத்தை இழுக்காது. அப்படிப்பட்ட வண்டிக்கு ஒன்றாம் நம்பரே போதும்.

கண்ணால் படித்தேன். எல்லாம் புரிந்தது. தாளை மடித்தேன்.

"அவ்வளவுதானா தங்கச்சி?" என்று கேட்டாய்.

"அவ்வளவுதான்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று ஏழு மாதமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். படித்துவிட்டு வந்த தங்கை முதல் வேலையாக உன் ஆசைக்குக் குறுக்கே நிற்பதா என்று கூச்சம். அந்த முகம் வாடிவிடுமே என்ற பயம். உனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். ஆனால் நீ தெரிந்துகொள்ள வேண்டியதில்லை என்று உனக்கு மேலே உட்கார்ந்து நான் முடிவு செய்தேன். அது மட்டும் அன்று எனக்குப் புரியவில்லை.

"மூணாம் நம்பர்தான்" என்றாய். முனுசாமி அண்ணேயும் தலையாட்டினார். உங்கள் இரண்டு பேர் மேலும் தப்பில்லை. ரயில்வே குவாட்டர்ஸில் பிறந்து நீராவி இஞ்சின் பார்த்து வளர்ந்தவர்கள். நீராவியில் பலமான இஞ்சின் என்றால் நின்ற இடத்திலிருந்தே பலமாக இழுக்கும் இஞ்சின். மேலே பலம், கீழே பலவீனம் என்று ஓர் இஞ்சின் இருக்க முடியும் என்று உங்களுக்கு எப்படித் தோன்றும்? அதைச் சொல்லும் ஒரே பத்தி என் மடியில் இருந்தது.

பணம் அனுப்பிய பதினோராம் நாள் உனக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று வாரம். அதைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நீ போன இரண்டாம் மாதம் பெட்டி வந்தது. வைக்கோலும் எண்ணெய்க் காகிதமும் சுற்றிய தண்டு. அண்ணி அதை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ஆட்குறைப்பில் ரயில்வே வேலை போன முனுசாமி அண்ணேதான் அப்போது உன் இடத்தில் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். "அவரு ஆசப்பட்டது. மாட்டிருங்க அண்ணே" என்றார் அண்ணி.

வேலையை ஆரம்பிக்கும் முன் முனுசாமி அண்ணே என்னிடம் வந்தார். "தங்கச்சி, அந்தத் தாளுல வேற ஏதாச்சும் போட்டிருக்கா?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம் இல்லையா? சொன்னால், உன்னிடம் மறைத்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இனி நீ என்னைக் கோபித்துக்கொள்ளக்கூட முடியாது. "வால்வுக்கும் தள்ளுகோலுக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளி விடணும்னு போட்டிருக்கு" என்று சொல்லி அந்த ஒரு வரியை மட்டும் படித்தேன்.

ரேடியேட்டரை இறக்கி, முன்மூடியைக் கழற்றி, சக்கரப் பற்களில் வெள்ளைச் சாயத்தால் குறி வைத்து, இரண்டு நாள் வேலை செய்தார். புதுத் தண்டோடு துரைசாணி கிளம்பியதும் கொட்டகைத் தகரமெல்லாம் நடுங்கியது. நின்ற இடத்தில் குளிர்காய்ச்சல் வந்தவள் போல உதறினாள். முதல் நடையிலேயே பத்து தீகா ஏற்றத்தில் ஆட்கள் இறங்கித் தள்ள வேண்டியதாயிற்று. கோழிக்கூடையோடு ஏறிய சீனக் கிழவி "கிரேத்தா சாக்கித், சாக்கித்" என்று வண்டிக்கு நோய் கண்டுவிட்டதாக அறிவித்துவிட்டு, மிச்சத் தூரத்தை நடந்தே போய்விட்டாளாம்.

"அம்மா, நாங்க ஏறி உக்காந்து போறதுக்குக் காசு குடுக்கிறோம். தள்ளிக்கிட்டுப் போறதுன்னா நீங்கதான் குடுக்கணும்" என்று கிள்ளான் துணிக்கடைக்காரர் அண்ணியிடமே சொல்லிவிட்டார். மூன்றாம் வாரம் அந்த வழியில் ஓடும் பஸ்ஸுக்குப் பாதிப் பேர் போய்விட்டார்கள்.

முனுசாமி அண்ணே பல் ஒன்று தவறி மாட்டிவிட்டோம் என்று நினைத்தார். இறக்கி மாட்டினார். அதே உதறல். கார்புரேட்டரைக் கழுவினார். மறுபடி இறக்கினார். மூன்றாவது தடவை இறக்கியபோது அவர் கையைப் பார்த்தேன். பொறுமையான கை அது, உனக்குத் தெரியும். அன்று ஒரே போல்ட்டை இறுக்கி, தளர்த்தி, மறுபடி இறுக்கியது.

அந்த வெள்ளிக்கிழமை அண்ணி கொட்டகைக்கு வந்தார். "அண்ணே, தப்பா நினச்சுக்காதீங்க. நீங்க ரயில் இஞ்சின் ஆளு. கார் வேற. கிள்ளான்ல எங்க சித்தப்பா மகன் லோரி ஓட்டுறான். திங்கக்கிழமையிலேர்ந்து அவன் எடுத்துக்கட்டும்."

முனுசாமி அண்ணே எதிர்த்துப் பேசவில்லை. "என் கைதான் சரியில்ல தங்கச்சிம்மா. அவன் வாங்கி வச்ச நல்ல சாமானக் கெடுத்துட்டேன்" என்று மட்டும் சொன்னார். கார் கிளப்பும் கைப்பிடியைத் துடைத்து, அண்ணியிடம் நீட்டினார்.

அண்ணி கை நீட்டி வாங்கப் போனார். நான் வாசலில் நின்றிருந்தேன்.

"அண்ணி, வாங்காதீங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. வீட்டுக்கு ஓடித் தாளை எடுத்து வந்தேன். விட்ட பத்தியைப் படித்தேன். ஒரு வரி ஆங்கிலம், ஒரு வரி தமிழ். முடித்துவிட்டு, "இத அண்ணனுக்கு நான் படிக்கல. உங்களுக்கும் படிக்கல" என்றேன்.

முனுசாமி அண்ணே கீழே உட்கார்ந்துவிட்டார்.

"மூணு தடவ இறக்கினேன் செசிலி" என்றார். அவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "மூணு தடவையும் என் கை கெட்டுப்போச்சுன்னு நினச்சேன். ரயில்வேல எவ்வளவோ பேரு இருக்கயில என்ன மட்டும் ஏன் நிப்பாட்டினாங்கன்னு இப்பத்தான் புரியுதுன்னு வீட்டுல சொன்னேன்."

அவர் திட்டியிருந்தால் தேவலை.

அண்ணி அழவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. "மறுபடியும் மொதல்லேர்ந்து படி. ஒரு வரி விடாத" என்றார். நான்கு பக்கத்தையும் படித்தேன். நடுவில் அண்ணி கேள்வி கேட்டார். நீயும் நானும் கேட்காத கேள்விகள். "அண்ணே, நம்ம வண்டி ஒரு நாளைக்கு எந்த வேகத்துல ரொம்ப நேரம் ஓடுது?"

"இருபது, இருபத்தஞ்சு மைல். அதுக்குள்ள யாராச்சும் கை காட்டிருவாங்க."

"மலைப் பந்தயத்துக்கு எத்தன நாள் இருக்கு?"

"பதினாறு நாள். அவன் பேருல ஏத்திக் காட்டணும்னு எனக்கு ஆசதான். அதுவரைக்கும் இது இருந்தா..."

"பதினாறு நாள் வண்டி சும்மா நிக்கக் கூடாது." அண்ணி கொஞ்சம் யோசித்தார். "மலை வேணாம். பழைய தண்ட மாட்டுங்க. ஒண்ணாம் நம்பருக்கு இவ எழுதட்டும். கார நீங்கதான் ஓட்டுறீங்க." கைப்பிடியை அவர் மடியில் வைத்தார். பிறகு, "கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவ, அவரு கேக்க நினச்ச சத்தத்த நான் கேக்கணும்" என்றார்.

ஞாயிறு பூசை முடிந்ததும் மூன்று பேரும் கிள்ளானுக்குப் போனோம். பத்து தீகா ஏற்றத்தில் நானும் அண்ணியும் இறங்கித் தள்ளினோம். அண்ணி பூசைக்குக் கட்டிய வெள்ளைச் சேலை முழுக்கச் செம்மண். கிள்ளான் பாலம் தாண்டி, துறைமுகத்துக்குப் போகும் சாலையில் நேராக ஓடும் பகுதி ஒன்று இருக்கிறதே, அங்கே ஆளும் மாட்டு வண்டியும் இல்லை. முனுசாமி அண்ணே மெதுவாக மிதிக்க ஆரம்பித்தார்.

இருபதில் உதறினாள். முப்பதில் இருமினாள். முப்பத்தைந்து தாண்டியதும் உதறல் நின்றது. படிப்படியாக இல்லை, ஒரேயடியாக. சத்தம் மாறி, ஒரே இழுப்பாக, சீராக வந்தது. நாற்பது வந்தது. மூச்சு வாங்க வேண்டிய இடம். வாங்கவில்லை. நாற்பத்தெட்டு, ஐம்பது, அதற்கு மேலும் குடித்துக்கொண்டே போனாள். இருபக்கத்துத் தென்னைகளும் ஒன்றாகிவிட்டன. அண்ணியின் முக்காடு பின்னால் பறந்தது. அவர் அதைப் பிடிக்கவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

துறைமுகத்துக் கிடங்குகள் தெரிந்ததும் முனுசாமி அண்ணே வேகத்தைக் குறைத்தார். துரைசாணி மறுபடி உதறத் தொடங்கினாள்.

"இதுக்குத்தானா" என்றார் அண்ணி. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. "பாவி மனுஷன். சொல்லியிருந்தா நானும் பின்னால உக்காந்து வந்திருப்பேன்."

உனக்கு நான் படித்துச் சொன்ன பாதி பொய்யில்லை அண்ணே. அதை அன்று தெரிந்துகொண்டேன். ஆனால் முழுதும் கேட்டிருந்தால் நீ எதைச் சொல்லியிருப்பாய்? அண்ணியையும் பிள்ளைகளையும் நினைத்து ஒன்றாம் நம்பர் என்றிருப்பாயா? ஒரே ஒரு மலைக்காக மூன்றாம் நம்பரை வாங்கி, பந்தயம் முடிந்த மறுநாளே கழற்றியிருப்பாயா? தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுச் சிரித்திருப்பாயா? உன்னோடு ஒரே வீட்டில் வளர்ந்தவள், எனக்குத் தெரியவில்லை. நீ தேர்ந்தெடுத்தது மூன்றாம் நம்பர் என்று எல்லாரும் சொல்கிறார்கள். நீ தேர்ந்தெடுக்கவே இல்லை. தேர்ந்தெடுக்க உன்னை நான் விடவில்லை. தப்பான தண்டைக் கழற்றிவிடலாம். இதை எங்கே போய்க் கழற்றுவது?

திங்கட்கிழமை முனுசாமி அண்ணே பழைய தண்டை மாட்டினார். சாயங்காலத்துக்குள் முடித்துவிட்டார். ஒரு போல்ட்டைக்கூட இரண்டாம் முறை தொடவில்லை. பஸ்ஸுக்குப் போனவர்களில் பாதிப் பேர் திரும்பிவிட்டார்கள், துணிக்கடைக்காரர் உட்பட. முனுசாமி அண்ணே என்னோடு பேசுகிறார். முன்பு போல இல்லை. அதற்கு நாளாகும்.

பத்திரிகையில் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். பிரிக்பீல்ட்ஸில் படித்த பிள்ளை இருக்கும் வீட்டுக்கு எல்லாரும் தாள் கொண்டுவருகிறார்கள். ஊர்க் கடிதம், தோட்டத்து நோட்டீஸ், ஆஸ்பத்திரிச் சீட்டு. எங்களைப் போன்றவர்கள் எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துப் பாதியை விழுங்கிவிடுகிறோம். அதை இரக்கம் என்று நினைத்துக்கொள்கிறோம். அவர்களும் இதைப் படிக்கட்டும்.

போன வாரம் சுங்கை வேயிலிருந்து ஒரு அக்கா வந்தார். அவர் வீட்டுக்காரரின் காலை எடுக்க வேண்டும், சம்மதக் கையெழுத்து வேண்டும் என்று ஆஸ்பத்திரிக் கடிதம். எடுக்காவிட்டால் என்ன ஆகும், எடுத்தாலும் என்ன ஆகலாம் என்று இரண்டும் அதில் இருந்தன. முன்பென்றால், வைத்தியம் பண்ணப் போறாங்க அக்கா என்று சொல்லிக் கைநாட்டு வைக்கச் சொல்லியிருப்பேன். இந்த முறை முழுதும் படித்தேன்.

அந்த அக்கா கடிதத்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். "நாளைக்கு அவரையும் கூட்டிட்டு வரேன். அவருக்கும் இதே மாதிரி படிம்மா. அவரு காலு. அவருதான் சொல்லணும்" என்றார்.

மறுநாள் வந்தார்கள். அவருக்கும் படித்தேன். அவர் என்ன முடிவு செய்தார் என்பது அவர் விஷயம்; இங்கே எழுத மாட்டேன்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன் அண்ணே. என் கையில் யார் தாளைக் கொடுத்தாலும் கடைசி வரிவரை படிப்பேன். குரல் நடுங்கினால் நடுங்கட்டும். படித்து முடித்ததும் தாளை அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டு, அவர்கள் வாய் திறக்கும்வரை சும்மா உட்கார்ந்திருப்பேன்.

ஒரே தாய்க்கு உன் பின்னால் பிறந்து,
உன்னிடம் ஒரு பத்தியைப் படிக்காமல் விட்ட உன் தங்கச்சி,
செசிலி